எதிரே வர்றவருக்கும் கண் இருக்குதுங்க!

கோயமுத்தூர்க்காரர்களுக்கு யாரும் மரியாதை சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ்ஸில் சில்லறை கேட்பதானாலும் ‘ஏனுங்க’ போட்டுத்தான் கேட்பார்கள். சண்டைகூட ‘என்னங்க நீங்க, இப்படிப் பண்ணீட்டீங்க’ என்றுதான் ஆரம்பிக்கும். சென்னையிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முதல் இரண்டு நாள் இந்த ‘ங்க’வைக் கேட்டுவிட்டு, நம்மைக் கிண்டல் செய்கிறார்களோ என்று சந்தேகப்படுவது உண்டு.

இதே மனிதர்கள் இரவு ஏழு மணிக்கு மேல் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அந்த ‘ங்க’ எங்கே போகிறது?

சத்தி ரோட்டில் சரவணம்பட்டியைத் தாண்டி அன்னூர் பக்கம் ஒருமுறை எட்டு மணிக்கு மேல் டூவீலரில் போய்ப் பாருங்கள். எதிரே வருவது காரா, வேனா, லாரியா என்று தெரியாது. இரண்டு வெள்ளைச் சூரியன்கள் வரும். ரோட்டின் ஓரக் கோடு மறையும். ஓரத்தில் நடக்கிற மனிதர் மறைவார். முன்னால் பின்விளக்கு இல்லாமல் போகும் டிராக்டர் டிரெய்லர் மறையும். அந்த நேரத்தில் வெறும் ஞாபகத்தை வைத்துத்தான் வண்டி ஓட்டுகிறீர்கள். ஒரு நிமிடம் முன்பு பார்த்த ரோடு அப்படியேதான் இருக்கும், நடுவில் யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்கிற நம்பிக்கையில் போகிறீர்கள்.

இதை அறியாமை என்று சொல்லி மன்னிக்க நான் தயாராக இல்லை. ஹை பீம் போட்டால் மீட்டரில் நீல நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். வண்டிகளுக்கு அந்த மீட்டரைச் செய்து நாடு முழுக்க அனுப்பும் பிரிக்கால் தொழிற்சாலை நம்ம பெரியநாயக்கன்பாளையத்தில்தான் இருக்கிறது. அந்த நீல விளக்குக்கு என்ன அர்த்தம் என்று தெரியாது என்பதை இந்த ஊர்க்காரர் சொன்னால் யார் நம்புவது? 1920-லேயே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்ட ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. மோட்டார், பம்ப்செட், ஸ்பேர் பார்ட்ஸ் என்று சோற்றுக்கு நடுவிலும் பேசி வளர்ந்த ஊர். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தே செய்கிறோம். எனக்கு ரோடு தெரிந்தால் போதும், எதிரே வர்றவன் பாடு அவனோடு. பச்சையான சுயநலம் இது. அதிலும் முட்டாள்தனமான சுயநலம். கண் தெரியாமல் போன அந்த ஆள் நேராக வந்து மோதப்போவது உங்கள் வண்டி மேல்தான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். கடும் வெளிச்சம் பட்ட கண் பழைய நிலைக்குத் திரும்பச் சில வினாடிகள் ஆகும். மூன்று வினாடி என்றே வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் மூன்று வினாடியில் 50 மீட்டர் போய்விடுவார். இரண்டரை கிரிக்கெட் பிட்ச் நீளம். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் 66 மீட்டர். அவ்வளவு தூரத்தையும் அவர் கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறார்.

இது இளவட்டங்களுக்கான கணக்கு. 60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டுகிற வெளிச்சம், 20 வயதுக்காரருக்கு எட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் என்கிறார்கள் கண் மருத்துவம் படித்தவர்கள். அதனால் பெரியவர்களுக்கு இருட்டில் ஏற்கெனவே குறைவாகத்தான் தெரியும். போதாக்குறைக்குக் கண்ணின் லென்ஸில் புரை விழ ஆரம்பித்திருந்தால், எதிரே வரும் வெளிச்சம் உள்ளே சிதறி, பார்வை முழுக்கப் பால் கொட்டினாற்போல ஆகிவிடும். மீள்வதற்கு ஆகும் நேரமும் வயதோடு கூடிக்கொண்டே போகும். ‘ராத்திரி வண்டி ஓட்டறத நிறுத்திட்டனுங்க’ என்று சொல்கிற ஐம்பத்தைந்து வயதுக்காரர்கள் உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். தனக்கு வயதாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். பாதிக் காரணம் எதிரே வருகிற நீங்கள்.

சரி, இதனால் எத்தனை பேர் செத்தார்கள்? இங்கேதான் வேடிக்கை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம். இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஒரு நாளில் அதிக விபத்து நடப்பது மாலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் நடுவில்தான். ஏறத்தாழ ஐந்தில் ஒரு விபத்து இந்த மூன்று மணி நேரத்துக்குள் நடந்துவிடுகிறது. அதாவது ஹெட்லைட் போடுகிற நேரம், வீடு திரும்புகிற கூட்டமும் உள்ள நேரம்.

அதே அறிக்கையில் விபத்துக்கான காரணங்களின் பட்டியலும் உண்டு. அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுதல், எதிர்த்திசையில் வருதல், சிவப்பு விளக்கை மீறுதல், செல்போன் பேசுதல் எல்லாம் இருக்கிறது. கடைசியில் ‘இதர காரணங்கள்’. எதிரே வந்த வெளிச்சத்தில் கண் கூசியது என்பதற்குத் தனிக் கட்டமே இல்லை. பத்தில் ஏழு விபத்துகள் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகின்றன. கண் கூசி ரோட்டை விட்டு இறங்கி புளியமரத்தில் மோதிச் செத்தவர் மீதே ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டினார் என்று முதல் தகவல் அறிக்கை எழுதப்படும். கண்ணைக் கூசவைத்தவர் அந்நேரம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். தன்னால் ஒரு உயிர் போனது அவருக்குக் கடைசிவரை தெரியாது. சாட்சி சொல்ல வேண்டியவர் செத்துப்போன குற்றம் இது. எந்தக் கணக்கிலும் வராது. கணக்கில் வராத குற்றத்தின் மேல் எந்த அதிகாரி நடவடிக்கை எடுப்பார்?

சட்டம் இல்லையா என்றால், பேஷாக இருக்கிறது. 1989-ம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதியை எடுத்துப் பாருங்கள். விளக்கு நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அல்லது ஓட்டுகிறவர் அதைக் கீழே இறக்க வசதி இருக்க வேண்டும். எவ்வளவு கீழே? விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு மனிதரின் கண் இருந்தால், அது கூசக் கூடாது. அவ்வளவுதான் விதி. சட்டத்தில் இவ்வளவு தெளிவாக, ஒரு டேப்பை வைத்து அளந்துபார்க்கிற மாதிரி எழுதப்பட்ட விஷயங்கள் ரொம்பக் குறைவு. ஒன்றரை மீட்டர் என்பது நம்ம ஊர்ச் சராசரி ஆளின் கண் உயரம்தான். உங்கள் வீட்டு வாசலிலேயே 8 மீட்டர் அளந்து, மனைவியையோ மகனையோ நிற்கவைத்து, லோ பீமைப் போட்டுக் காட்டுங்கள். ‘ஐயோ, அணைங்க’ என்று அவர்கள் கையால் கண்ணை மறைத்தால் உங்கள் வண்டி சட்டவிரோதமான வண்டி. லோ பீமிலேயே இந்தக் கதி என்றால் ஹை பீமை என்ன சொல்ல? எதிரே வண்டி வந்தால் லோ பீமுக்கு மாற்ற வேண்டும் என்பதை 2017-ல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகளும் சொல்கின்றன. நன்றாக விளக்கெரிகிற ரோட்டில் ஹை பீமுக்கு வேலையே இல்லை.

அப்படிப்பட்ட ரோட்டில்தான் ஜோராகப் போடுகிறார்கள். 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டின் மேல் 10.1 கிலோமீட்டருக்கு ஒரு மேம்பாலத்தைத் திறந்து, அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயரையே வைத்தார்கள். இரவில் அதில் ஏறிப் பாருங்கள். அத்தனை வெளிச்சத்திலும் பின்னால் வருகிறவர் ஹை பீமை அணைக்காமல் நம் கண்ணாடி வழியாக மண்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டே வருவார். நடுவில் தடுப்புச் சுவர் இருப்பதால் எதிரே வருகிறவருக்குத் தொந்தரவு இல்லை என்று நினைப்பு. முன்னால் போகிறவருக்கும் இரண்டு கண் உண்டு, மூன்று கண்ணாடியும் உண்டு என்பது தோன்றாது.

கண் கூசாமல் இருக்க எத்தனை ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சேலம் – கோவை நான்குவழிச் சாலையின் நடுவே வரிசையாக அரளி வைத்திருக்கிறார்களே, அது பூஜைக்குப் பூப்பறிக்க இல்லை. எதிர்ப்பக்க ஹெட்லைட்டை மறைப்பதற்கு. மாடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, புதராக வளரும் என்பதால் அரளி. ஆனால் நீலாம்பூர் – மதுக்கரை பைபாஸ் மாதிரி, நடுவில் தடுப்பே இல்லாத இருவழிச் சாலையாகக் கட்டி, கேரளா லாரி மொத்தத்தையும் அதில் திருப்பிவிட்ட ரோடுகளில் அரளியும் இல்லை, ஆண்டவனும் இல்லை. அங்கே டிரைவரின் கை விரல்தான் அரளி. லீவரை ஒரு அங்குலம் இழுத்தால் முடிந்தது. அதற்குத்தான் ஆளில்லை.

லாரிக்காரர்களைத் திட்டுவது நம் மத்தியதர வர்க்கத்துக்குப் பிடித்த பொழுதுபோக்கு. இந்த ஒரு விஷயத்தில் நான் அவர்கள் பக்கம். நாமக்கல், சங்ககிரி லாரிகளின் பழைய டிரைவர்களிடம் ஒரு நாகரிகம் இருந்தது. தூரத்தில் விளக்கைப் பார்த்ததும் ஒரு டிம், ஒரு பிரைட், ஒரு டிம். ‘பார்த்துட்டேன், வா’ என்று அர்த்தம். பதிலுக்கு எதிர் வண்டியும் டிம் அடிக்கும். பேச்சில்லாத பேச்சு. பின்பக்கத்தில் ‘யூஸ் டிப்பர் அட் நைட்’ என்று பெயிண்டில் எழுதாத லாரியைப் பார்ப்பது கஷ்டம். அந்த வாசகம் டிரைவர்களிடம் எவ்வளவு பிரபலம் என்றால், 2016-ல் டாடா மோட்டார்ஸ், லாரி டிரைவர்களிடையே எய்ட்ஸ் தடுப்புக்காக ஆணுறை கொண்டுவந்தபோது அதற்கு ‘டிப்பர்’ என்றே பெயர் வைத்தார்கள். இரவில் மறக்காமல் பயன்படுத்த வேண்டிய பொருள் என்று லாரிக்காரருக்குப் புரிந்தது. பதினைந்து லட்ச ரூபாய் காரில் போகிறவருக்கு எதுவுமே புரியவில்லை.

அடுத்த குற்றவாளி, பல்பு விற்கிற கடை. காந்திபுரம் பக்கம் ஒரு கடையில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன். வண்டி வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி வந்தார். கடைக்காரர் சொன்ன வசனம் இது: ‘‘ஒரிஜினல் பல்புல வெளிச்சமே பத்தாதுங்ணா. இத மாட்டிக்குங்க. எதுக்கால வர்றவன் தானா ஒதுங்குவான்.’’

விற்பது பல்பு இல்லை பாருங்கள். எதிரே வருகிறவரை மிரட்டுகிற உரிமையை விற்கிறார். நாலாயிரம் ரூபாய்க்கு.

அந்தப் பல்பு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான சாதாரண கார்களில் இருந்த எச்-4 ஹாலஜன் பல்பு 60/55 வாட். உள்ளே இரண்டு இழைகள். ஹை பீம் இழை 60 வாட், லோ பீம் இழை 55. லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழ்ப்பக்க வெளிச்சத்தை மறைத்துவிடும். அதனால் வெளிச்சம் பின்னால் உள்ள கண்ணாடியின் மேல்பாதியில் மட்டும் பட்டு, கீழ்நோக்கி ரோட்டில் விழும். அதிலும் நம்ம நாட்டு விளக்கு இடது ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும், வலது பக்கத்தை, அதாவது எதிரே வருகிறவர் பக்கத்தை, தாழ்த்தி வைத்திருக்கும். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்! ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கணக்கு உண்டு. அந்த இடத்தில் எங்கிருந்தோ வந்த ஒரு எல்.இ.டி. குச்சியையோ எச்.ஐ.டி. பல்பையோ செருகினால், ஒளி வரும் புள்ளி இடம் மாறிவிடும். கண்ணாடிக்கு எங்கே அனுப்புவது என்று தெரியாது. மேலே, பக்கவாட்டில், மரத்தின் மேல், எதிர் வண்டிக்காரர் முகத்தில் என்று எல்லாப் பக்கமும் வீசி அடிக்கும். நீங்கள் பரம யோக்கியராக லோ பீமிலேயே போனாலும் ஊருக்கு அது ஹை பீம்தான். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் என்பதால் கூச்சமும் கூடுதல். இன்னொரு கோஷ்டி 100 வாட், 130 வாட் ஹாலஜன் மாட்டுகிறது. ஒயர் சூடாகி ஹோல்டர் உருகி, விளக்கின் உள்பூச்சு கருகி, ஒரு வருடத்தில் முன்பைவிட மங்கலாகத் தெரியும். உடனே இன்னும் பெரிய பல்பு.

இதெல்லாம் சும்மா அழகு சமாச்சாரம் இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அதே வருடம் ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பல்பை மாட்டிக்கொடுத்த கடைக்காரர் இதைச் சொல்வாரா? பில்லே தரமாட்டார்.

டூவீலர்காரர்கள் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். 2017 ஏப்ரலிலிருந்து வருகிற புது டூவீலர்களில் பகலிலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அது பிறர் நம்மைப் பார்ப்பதற்கு. அதோடு நிற்காமல், முன்பக்கக் கம்பியில் இரண்டு எல்.இ.டி. கட்டைகளைக் கட்டிக்கொண்டு, அதையும் வானத்தைப் பார்க்கத் திருப்பிவைத்து, கூடவே விட்டுவிட்டு மின்னவும் வைத்திருக்கிறீர்களே, அது எதற்கு? திருவிழாவில் சீரியல் செட் போட்ட மாதிரி.

‘அவன் போடறான், அதனால நானும் போடறேன்’ என்பது அடுத்த வாதம். எதிரே வருகிறவர் உங்கள் கண்ணைக் கட்டிவிட்டார், பதிலுக்கு நீங்கள் அவர் கண்ணைக் கட்டுகிறீர்கள். ஆக, கண் தெரியாத இரண்டு பேர் தலா 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவரை நோக்கி ஒருவர் வருகிறீர்கள். இரண்டு வண்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளி வினாடிக்கு 33 மீட்டர் குறைந்துகொண்டிருக்கிறது. இதில் யார் ஜெயித்தார்கள் என்று யார் வந்து சொல்வது? எதிர் வெளிச்சம் தாங்க முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து, பார்வையை ரோட்டின் இடது ஓரக் கோட்டுக்குக் கொண்டுபோய், அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். முறைத்துப் பார்க்காதீர்கள். வேறு வழியே இல்லை.

‘லோ பீமில ஒண்ணும் தெரியலைங்க’ என்கிற வாதத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பெயிண்ட் அடிக்காத வேகத்தடை, திடீர்ப் பள்ளம், ரோட்டில் படுத்திருக்கும் நாய், தேங்காய் மட்டையை மலை மாதிரி ஏற்றிக்கொண்டு ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்லாமல் போகும் டிராக்டர். பொள்ளாச்சி பக்கம் இரவில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். இதையெல்லாம் சரிசெய்ய வேண்டியவர்களை விடவே கூடாது. ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், டிரைவர் சுதாரித்து பிரேக்கை மிதித்து நிற்பதற்குள் கிட்டத்தட்ட 70 மீட்டர் போய்விடும். சாதாரண லோ பீம் அவ்வளவு தூரம் ஒழுங்காகக் காட்டாது. அப்படியென்றால் வேகத்தைக் குறையுங்கள் என்பதுதானே அர்த்தம்? ஆளில்லாத ரோட்டில் தாராளமாக ஹை பீம் போடுங்கள், அதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்ததும் இறக்குங்கள். கடந்ததும் ஏற்றுங்கள். விரல் தேய்ந்துவிடாது.

பல சமயம் லோ பீம் மங்கலாக இருப்பதற்குக் காரணம் நாம்தான். வெயிலில் நின்று நின்று விளக்கின் பிளாஸ்டிக் முகம் மஞ்சளடித்துக் கிடக்கும். அதை பாலிஷ் போட்டுத் தேய்த்தால் பாதி வெளிச்சம் திரும்ப வரும். மழைநாளில் படிந்த சேற்றை ஒரு துணியை எடுத்துத் துடைத்தால் போதும். ஒரு பல்பு போய் ஒற்றைக் கண்ணோடு திரிகிற கார்களை மோட்டார் பைக் என்று நினைத்து எத்தனை பேர் நடு ரோட்டுக்கு வந்திருக்கிறார்களோ. இன்னொரு ரகசியம்: ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம் கீழே 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் பெரும்பாலான கார்களில் உண்டு. ஏ.சி. சம்பந்தப்பட்டது என்று பலர் தொடுவதே இல்லை. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் ஊட்டி டூர் மூட்டை எல்லாம் ஏறினால் வண்டியின் மூக்கு மேலே தூக்கும். லோ பீமும் கூடவே தூக்கிவிடும். அப்போது அந்தச் சக்கரத்தை 2-க்கோ 3-க்கோ திருப்பினால் வெளிச்சம் கீழே இறங்கும். டெலிவரி எடுக்கும்போது மாலை, தேங்காய், எலுமிச்சம்பழம், போட்டோ எல்லாம் கொடுத்த ஷோரூம்காரர், இந்த ஒரு சக்கரத்தைக் காட்ட அரை நிமிடம் செலவழித்தாரா?

இனி அரசாங்கம். லைசென்ஸ் டெஸ்ட் எப்போது நடக்கிறது? பகலில். பளீரென்ற வெயிலில் எட்டு போட்டுக் காட்டினால், நட்டநடு ராத்திரியில் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி ஓட்டத் தகுதி வந்துவிடுகிறது. ஒரு ஆளை ஒரே ஒரு முறைகூட இருட்டில் ஓட்டவைத்துப் பார்க்காமல் இருட்டில் ஓட்ட அனுமதி கொடுக்கிற ஏற்பாட்டை என்னவென்று சொல்வது? வாடகை வண்டிகளுக்காவது எஃப்.சி. உண்டு. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம் காட்டியாக வேண்டும். சொந்தக் காருக்கு? வாங்கியதிலிருந்து 15 வருடம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. புகை டெஸ்ட் உண்டு. விளக்கு டெஸ்ட் கிடையாது. பதினைந்து வருடத்தில் அந்த விளக்கை எத்தனை முறை கழற்றி, எத்தனை பல்பு மாற்றி, எந்தத் திசைக்குத் திருப்பி வைத்திருப்பார்கள்?

போலீஸ் செய்வது கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் சிக்னலில் நிறுத்தி, பத்திரிகை போட்டோகிராபர் வந்த பிறகு, விளக்கின் நடுவில் வட்டமாக ஒன்று ஒட்டுவார்கள். பழைய காலத்து வட்டக் கண்ணாடி விளக்குகளில், மேல்பாதிக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்ததில் ஓரளவு பிரயோஜனம் இருந்தது. இன்றைக்கு வருகிற புரொஜெக்டர், எல்.இ.டி. விளக்குகளில் நடுவே ஒரு பொட்டு வைப்பதால் வெளிச்சம் போகும் திசை மாறப்போவதில்லை. திருஷ்டிப் பொட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஹெல்மெட் போடாதவரைப் பிடிக்க மூலைக்கு மூலை கேமரா வைக்கத் தெரிந்தவர்கள், ஹை பீம் போட்டவரைப் பிடிக்கிறார்களா? தெரிந்தவர்கள் இருபது பேரிடம் விசாரித்தேன். ஹெல்மெட்டுக்கு, சீட் பெல்ட்டுக்கு, செல்போனுக்கு, தப்பான பார்க்கிங்குக்கு எல்லாம் தண்டம் கட்டியிருக்கிறார்கள். ஹை பீமுக்கு ஒருத்தர்கூட இல்லை. சட்டத்தில் பொதுவான மீறல்களுக்கு முன்பு 100 ரூபாயாக இருந்த அபராதம் 2019 திருத்தத்தில் 500 ஆனது. உயர்த்தப்பட்ட தொகைகளை 2022 அக்டோபரில் தமிழ்நாட்டிலும் கொண்டுவந்தார்கள். ரசீது போட ஆள் வேண்டாமா?

கார் கம்பெனிகளும் சும்மா இல்லை. வண்டி உயரம் கூடிக்கொண்டே போகிறது. எஸ்.யு.வி.யின் விளக்கு இருக்கிற உயரத்தில்தான் சின்னக் கார் ஓட்டுகிறவரின் கண் இருக்கிறது. இது நம்ம ஊர்ப் புலம்பல் மட்டும் இல்லை. பிரிட்டனில் ஜனங்கள் கத்திய கத்தலில் ஹெட்லைட் கூச்சத்தைப் பற்றி ஆராய 2024-ல் அரசாங்கமே ஏற்பாடு செய்தது. எதிரே வண்டி வரும் பகுதியை மட்டும் தானாகவே மங்கவைக்கிற விளக்குகளை அமெரிக்கா 2022-ல்தான் அனுமதித்தது, ஐரோப்பாவில் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தன. அந்த மாதிரி விளக்கு இங்கே எல்லாக் காருக்கும் வந்து சேர்வதற்குள் நானும் நீங்களும் எத்தனை இரவுகள் ரோட்டில் போக வேண்டியிருக்கும்?

கார்க்காரர்கள் பரவாயில்லை, அவர்களைச் சுற்றித் தகரமாவது இருக்கிறது. அதிகாலை நாலு மணிக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து சைக்கிளில் வீடு திரும்புகிற பெண், இவர்களுக்கு என்ன இருக்கிறது? தை மாதம் வந்தால் ஜி.டி. நாயுடு பஸ் விட்ட அதே பொள்ளாச்சி – பழனி ரோட்டில் ராத்திரி முழுக்க ஜனங்கள் நடக்கிறார்கள். காவடியும் கையுமாக, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு. கோவையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். வெயிலுக்குப் பயந்து இரவில் நடக்கிறார்கள். ஹை பீம் போட்டு வருகிற இரண்டு கார்கள் ஒன்றையொன்று கடக்கிற அந்த நேரத்தில், ஓரமாக நடக்கிற அவர்கள் இரண்டு டிரைவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

பக்தர்களுக்கு அதிகாரிகள் சொல்லும் அறிவுரை என்ன? பையின் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள், வெள்ளைத் துணி கட்டுங்கள், வரிசையாகப் போங்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் நடக்கிறவருக்கே எல்லா அறிவுரையும் சொல்லிவிட்டு, அவர் கண்ணில் வெளிச்சத்தை அடித்தபடி வருகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அடுத்த தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்பே கிணத்துக்கடவில் ஒரு சோதனைச் சாவடி, உடுமலைக்கு வெளியே ஒன்று, இரவு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை போடட்டும். 8 மீட்டருக்கு ரோட்டில் ஒரு கோடு, ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் கோடு போட்ட ஒரு குச்சி, ரசீதுப் புத்தகம். மாட்டிய எக்ஸ்ட்ரா பல்பை அங்கேயே கழற்றிக் கையில் கொடுத்து அனுப்பட்டும். போட்டோகிராபரை வேண்டுமானால் அதற்கும் கூப்பிடட்டும்.